கழுத்தில் கட்டி, இரத்தத்தில் எல்லாம் நார்மல்: அடுத்து என்ன?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 41. சங்கிலி மாட்டும்போது முன்கழுத்தில் வலது பக்கம் ஒரு உருண்டை கையில் தட்டுப்பட்டிருக்கிறது. வலி கிடையாது. பக்கத்துக் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து, "தைராய்டு நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேலை இடத்தில் ஒருவர் புற்றுநோயாக இருக்கும் என்கிறார், மாமியார் முட்டைக்கோஸை நிறுத்தச் சொல்கிறார், கட்டியில் ஊசி குத்திச் சோதித்தால் பரவிவிடும் என்று கணவர் எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார். மறுபடி டாக்டரிடம் போகணுமா, எவ்வளவு அவசரம், வீட்டில் மற்றவர்களும் ஸ்கேன் எடுக்கணுமா என்பது கேள்வி.

போகணும். இந்த வாரமோ அடுத்த வாரமோ போங்கள். நடுராத்திரி எமர்ஜென்சிக்கு ஓடுகிற விஷயம் இல்லை, அதேசமயம் தீபாவளி முடியட்டும், பெரியவனுக்கு எஸ்.பி.எம் பரீட்சை முடியட்டும் என்று தள்ளுகிற விஷயமும் இல்லை. நான் டாக்டர் கிடையாது, பினாங்கில் அறுவைசிகிச்சைக் கிளினிக்கில் ரொம்ப வருஷம் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கழுத்துக் கட்டியோடு வருபவர்களில் பாதிப் பேர் கதவைத் திறக்கும்போதே அழுது முடித்திருப்பார்கள். இத்தனைக்கும் தைராய்டில் கட்டி என்று வந்து முழுசாகச் சோதிக்கப்படுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குப் புற்றுநோய் இருக்காது. மீதிப் பேரிலும் பெரும்பாலானவர்களுக்கு வருவது, சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை. ஆனால் யார் அந்தத் தொண்ணூறு, யார் மீதி என்பதை ஆறுதல் வார்த்தையாலும் சொல்ல முடியாது, டி.எஸ்.எச் என்ற இரத்தப் பரிசோதனை எண்ணாலும் சொல்ல முடியாது.

உங்கள் கிளினிக் பாதியில் நிறுத்திய இடம் அதுதான். டி.எஸ்.எச், டி4 எல்லாம் சுரப்பி எவ்வளவு ஹார்மோன் சுரக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை. கடையில் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்பதால் கூரையில் ஓட்டை இல்லை என்று ஆகிவிடுமா? சாதாரணக் கட்டி, நீர்க்கட்டி, புற்றுநோய் இந்த மூன்றிலுமே பெரும்பாலும் இரத்தம் நார்மலாகத்தான் இருக்கும். இரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை, எல்லாருக்கும் அதைத்தான் முதலில் செய்வார்கள், அதில் ஒரு விடை கிடைக்கவும் செய்யும், பிறகு சொல்கிறேன். ஆனால் கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் இரத்தத்தோடு கழுத்து அல்ட்ராசவுண்டும் சேர்ந்தே போகணும். அது இல்லாமல் 'நார்மல்' என்ற வார்த்தைக்கு அர்த்தம் இல்லை.

அதற்கு முன், அது தைராய்டுக் கட்டிதானா என்று நீங்களே ஓரளவு பார்க்கலாம். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். தைராய்டு, குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயின் முன்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் விழுங்கும்போது அதுவும் அதிலுள்ள கட்டியும் சேர்ந்து மேலே ஏறி இறங்கும். நாக்கை நீட்டும்போதும் மேலே ஏறுகிறது, நட்டநடுவில் இருக்கிறது என்றால் அது பிறவியிலேயே தங்கிவிட்ட ஒரு நாளத்தின் நீர்க்கட்டியாக இருக்கலாம், சின்ன வயதுக்காரர்களிடம் பார்ப்போம்.

விழுங்கும்போது அசையவே இல்லை, கழுத்தின் பக்கவாட்டில், தாடை எலும்புக்குக் கீழே அல்லது காதுக்குக் கீழே இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் நெறி கட்டினது. தொண்டைப்புண், சொத்தைப்பல், தலையில் புண் என்று காரணம் இருந்தால் இரண்டு வாரத்தில் சுருங்கிவிடும். மூன்று வாரம் தாண்டியும் நிற்கிறது, பெரிதாகிறது என்றால் அது தைராய்டைவிடச் சீக்கிரமாகக் காட்டவேண்டிய கட்டி. காசநோய் கழுத்து நெறியில் வருவது நம் ஊரில் இன்னும் உண்டு. மூக்குக்குப் பின்னால் தொண்டையில் வரும் புற்றுநோய் முதலில் கழுத்து மேல்பக்கத்துக் கட்டியாகத்தான் பல பேருக்கு வெளியே தெரியும், மலேசியாவில் அது அதிகம் சீனர்களுக்கும் சரவாக்கின் பிடாயு மக்களுக்கும் வருகிறது என்றாலும் நமக்கு வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

சரி, உங்களுடையது விழுங்கும்போது அசைகிறது என்றே வைத்துக்கொள்வோம். அங்கே என்னவெல்லாம் இருக்கலாம்? அதிகம் பார்ப்பது, சுரப்பியின் சொந்தத் திசுவே ஓரிடத்தில் கூடுதலாக வளர்ந்து, உள்ளே பசை மாதிரியான திரவம் தேங்கி உருண்டையாக நிற்பது. இதற்குக் கொல்லாய்டு கட்டி என்று பெயர். ஒன்றும் இருக்கலாம், இரண்டு பக்கமும் ஐந்தாறும் இருக்கலாம். அடுத்தது நீர்க்கட்டி. நேற்றுவரை ஒன்றுமில்லாமல் இன்று காலையில் திடீரென்று வலியோடு பொங்கி நிற்கிறது என்றால் பெரும்பாலும் நீர்க்கட்டிக்குள் இரத்தம் கசிந்திருக்கும், பார்க்கப் பயமாக இருந்தாலும் சில வாரத்தில் தானே வற்றிவிடுவது உண்டு. சளிக்காய்ச்சல் வந்து போன சில வாரத்தில் சுரப்பி முழுக்க வலித்து, வலி காதுவரை ஏறினால் அது வைரஸுக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி. ஹாஷிமோட்டோ என்ற நோயில், நம் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கி, அது கரடுமுரடாகி, கட்டி இல்லாத இடத்திலும் கட்டி மாதிரி கைக்குத் தெரியும். இவற்றோடு புற்றுநோயும் ஒன்று.

வயது ஏறஏற இந்தக் கட்டிகள் கூடும், பெண்களுக்கு ஆண்களைவிடப் பலமடங்கு. கையால் தொட்டுப் பார்த்தால் நூறு பேரில் நான்கிலிருந்து ஏழு பேருக்குத் தெரியும். அதே நூறு பேரையும் நல்ல அல்ட்ராசவுண்டில் போட்டால் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு புள்ளி தெரியும். இந்த இரண்டு எண்ணையும் நினைவில் வையுங்கள், கடைசிக் கேள்விக்குத் தேவைப்படும்.

இப்போது அவசரம் பற்றி. சில அடையாளங்கள் இருந்தால் 'அடுத்த வாரம்' என்ற என் பேச்சு செல்லாது. மூச்சு விடும்போது கரகரவென்றோ விசில் மாதிரியோ சத்தம் வருகிறது, எச்சில்கூட விழுங்க முடியவில்லை, கழுத்து நாட்கணக்கில் கண்ணெதிரே வீங்குகிறது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அறுபது, எழுபது வயதுக்காரருக்குப் பல வருஷமாக இருந்த கழலை (வீங்கிப் பெரிதான தைராய்டு) சில வாரத்தில் கல்லு மாதிரி இறுகிப் பெரிதாகிறது என்றால் அதையும் இந்த வரிசையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அனாபிளாஸ்டிக் என்ற அரிய, மிக மோசமான வகைப் புற்றும், லிம்ஃபோமா என்ற நெறிப் புற்றும் அப்படித்தான் வரும், அதில் ஒவ்வொரு வாரமும் கணக்கு.

அடுத்த படி, குரல். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் வேல் வேல் என்று கத்திவிட்டு வந்து ஒரு வாரம் தொண்டை கட்டிக் கிடப்பது யாருக்கும் நடக்கும், அது தானே சரியாகும். காரணமே இல்லாமல் கரகரத்துப்போய் மூன்று வாரமாகியும் திரும்பாத குரல் வேறு. குரல் நாணை அசைக்கும் நரம்பு தைராய்டுக்குப் பின்னால்தான் ஓடுகிறது, கட்டி அதைப் பிடித்திருக்கிறதா என்று மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கணும். கட்டி தொடும்போது கெட்டியாக, ஓரிடத்தில் ஒட்டிப்போய் அசையாமல் இருப்பது, அதே பக்கத்தில் கூடவே நெறி கட்டியிருப்பது, கெட்டி உணவு இறங்காமல் தண்ணீர் குடித்துத் தள்ளவேண்டியிருப்பது, இவையெல்லாம் சீக்கிரம் காட்டவேண்டிய சேதிகள். வலி நல்ல வழிகாட்டி இல்லை. வலிக்கிற கட்டி அதிகமும் அழற்சி அல்லது இரத்தக் கசிவாக இருக்கும், புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காது. "வலிக்கலயே மிஸ்ஸி, அதான் வரலை" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பேன்.

கட்டி எப்படி இருக்கிறது என்பதோடு, யாருக்கு வந்திருக்கிறது என்பதையும் டாக்டர் பார்ப்பார். சிறுபிள்ளை வயதில் வேறு நோய்க்காகக் கழுத்திலோ தலையிலோ கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவரா, அம்மா அப்பா கூடப்பிறந்தவர் யாருக்காவது தைராய்டுப் புற்று வந்ததா, வயது இருபதுக்குக் கீழா, நோயாளி ஆணா. ஆண்களுக்குக் கட்டி வருவது குறைவு, வந்தால் அது புற்றாக இருக்கும் வாய்ப்பு பெண்களைவிடக் கூடுதல், எனவே வீட்டுக்காரர் கழுத்தில் ஏதாவது இருந்து "ஒன்னும் இல்லை, கொழுப்பு" என்று சட்டைக் காலரை மூடினால் விடாதீர்கள். பிள்ளைகளுக்குத் தைராய்டில் கட்டி என்றால் கிளினிக் கிளினிக்காக அலையாமல் நேராக நிபுணரிடம் காட்டணும்.

பழைய பெரிய கழலைக்கு இன்னொரு விஷயம். சில பாட்டிமார்களுக்குக் கழலை நெஞ்செலும்புக்குப் பின்னால் கீழே இறங்கிவிடும், வெளியே அவ்வளவாகத் தெரியாது. படுத்தால் மூச்சடைக்கிறது, இரண்டு தலையணை வேண்டும் என்பார்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஒரு நிமிஷம் வைக்கச் சொன்னால் முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைக்கும், மூச்சும் திணறும். இதை வீட்டில் செய்து பார்த்து முகம் மாறினால் அதை வாயால் சொல்லுங்கள், டாக்டர் உடனே நிமிர்ந்து உட்காருவார்.

அல்ட்ராசவுண்டுக்கு வருவோம், எல்லாம் தீர்மானமாகும் இடம் அதுதான். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, பட்டினி கிடக்க வேண்டாம், கர்ப்பமாக இருந்தாலும் எடுக்கலாம். கழுத்தில் ஜெல்லைத் தடவிப் பதினைந்து இருபது நிமிஷம். எடுத்த எடுப்பில் சி.டி ஸ்கேன் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள், தைராய்டுக் கட்டியின் குணத்தை அறிய அல்ட்ராசவுண்டைவிட நல்லது இல்லை. எடுப்பவரிடம் கழுத்து நெறிகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் எல்லாரும் முதலில் தேடுவது சென்டிமீட்டர். ஆனால் நான்கு சென்டிமீட்டர் நீர்க்கட்டி ஒன்றும் செய்யாமல் கிடக்கும், ஒரு சென்டிமீட்டர் கட்டி ஊசிப் பரிசோதனை கேட்கும். பார்க்கவேண்டியது தோற்றம். முழுக்க நீரா, தேன்கூடு போலச் சின்னச்சின்ன நீர்ப்பைகளா, இவை இரண்டும் நல்ல செய்தி. முழுக்கக் கெட்டியாக இருந்து, சுற்றியுள்ள சுரப்பியைவிடக் கருத்துத் தெரிகிறது, ஓரம் கிழிந்த மாதிரி ஒழுங்கில்லாமல் இருக்கிறது, அகலத்தைவிட உயரம் கூடுதல், உள்ளே பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் ஏறும். இதைத்தான் டை-ராட்ஸ் என்கிறார்கள். அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் அமைப்பு 2017ல் வெளியிட்ட முறை இங்கேயும் பல இடத்தில் புழங்குகிறது, 1 முதல் 5 வரை. ஒன்றும் இரண்டும் என்றால் ஊசியே வேண்டாம். மூன்று என்றால் 2.5 செ.மீ. தொட்டால்தான் ஊசி, நான்குக்கு 1.5 செ.மீ., ஐந்துக்கு 1 செ.மீ. அதைவிடச் சின்னதாக இருந்தால் அளவைப் பொறுத்துச் சில மாதமோ ஒரு வருஷமோ கழித்துத் திரும்ப ஸ்கேன், அல்லது அதுவும் வேண்டாம். இந்த எண் இல்லாத ரிப்போர்ட் கையில் கிடைத்தால், "டை-ராட்ஸ் எத்தனை?" என்று தயங்காமல் கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டு சென்டிமீட்டர் கட்டி, நார்மல் இரத்தம், அவ்வளவுதான் என்று ஒரு வரியில் முடிகிற ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த டாக்டரும் ஒரு முடிவுக்கும் வர முடியாது.

முன்னே சொன்ன இரத்தப் பரிசோதனை விடை இதுதான்: டி.எஸ்.எச் ரொம்பக் குறைந்திருந்தால், அந்தக் கட்டியே இஷ்டத்துக்கு ஹார்மோன் சுரக்கிறதோ என்று சந்தேகம் வரும். கை நடுக்கம், படபடப்பு, சாப்பிட்டும் எடை குறைவது கூடவே இருக்கலாம். அப்போது ஊசிக்கு முன் அணு மருத்துவப் பிரிவில் ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். சுரக்கிற கட்டி புற்றாக இருப்பது மிக அபூர்வம், அதற்கு மருந்தோ கதிர் அயோடினோ (கதிர்வீச்சுள்ள அயோடின்) அறுவையோ வேறு பாதை. இங்கே ஒரு எச்சரிக்கை. முடி கொட்டுது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதிக அளவு பயோட்டின், சில பரிசோதனைக் கருவிகளில் டி.எஸ்.எச்சைப் பொய்யாகக் குறைத்தும் டி4ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும், இல்லாத நோய்க்கு மருந்து எழுதும் நிலை வரும். இரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், கவுண்டரிலும் சொல்லிவிடுங்கள்.

ஊசியைப் பற்றி வீட்டுக்காரர் பயம். இரத்தம் எடுக்கும் ஊசியைவிடப் பெரும்பாலும் மெல்லியது இது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கட்டிக்குள் செலுத்தி, இரண்டு மூன்று தடவை அசைத்து, கொஞ்சம் செல்களை உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் தேய்ப்பார்கள். அந்த நேரத்தில் விழுங்காமல், பேசாமல் இருக்கணும், அதுதான் கஷ்டம். அப்புறம் ஒரு பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்தால் போதும், வீட்டுக்குப் போய்ச் சமைக்கலாம். லேசாகக் கன்றிப் போகலாம். வார்ஃபரின், குளோபிடோக்ரெல் மாதிரி இரத்தத்தை மெலிதாக்கும் மருந்து எடுப்பவர்கள் முதலிலேயே சொல்லணும், நீங்களாக நிறுத்தக் கூடாது. பரவுமா என்றால், இந்த மெல்லிய ஊசியால் பரவியதாகப் பதிவானவை விரல்விட்டு எண்ணும் அளவுக்கு அரிது. ஆனால் ஊசிக்குப் பயந்து ஒரு வருஷம் ஒளிந்திருந்துவிட்டு, நெறியும் கட்டிய பிறகு வருவது அரிது இல்லை.

ஊசி ரிப்போர்ட்டிலும் ஒரு எண் வரும், பெத்தெஸ்டா, 1 முதல் 6 வரை. இதையும் டை-ராட்ஸையும் குழப்பிக்கொண்டு "எனக்கு ரெண்டு, எங்கக்காவுக்கு நாலு" என்று வாட்சப்பில் ஒப்பிட்டு அழுதவர்கள் உண்டு, இரண்டும் வேறு வேறு. பெத்தெஸ்டா ஒன்று என்றால் செல் போதவில்லை, திரும்ப எடுக்கணும், கெட்ட செய்தி என்று நினைக்க வேண்டாம். இரண்டு என்றால் சாதாரணக் கட்டி, தவறாகிப்போகும் வாய்ப்பு நூற்றில் மூன்று நான்கு. ஆறு என்றால் ஏறக்குறைய உறுதியாகப் புற்று, ஐந்து என்றால் நான்கில் மூன்று பங்கு. சங்கடம் நடுவில் இருக்கும் மூன்றும் நான்கும்தான். மூன்றில் சுமார் ஐந்தில் ஒருவருக்கும் நான்கில் சுமார் மூன்றில் ஒருவருக்கும் புற்று இருக்கலாம், ஆனால் யாருக்கு என்று ஊசியால் சொல்ல முடிவதில்லை. ஃபாலிக்குலர் என்ற வகையில் கட்டியின் உறையைச் செல்கள் உடைத்துக்கொண்டு வெளியே போயிருக்கின்றனவா என்பதை வைத்துத்தான் புற்றா இல்லையா என்று பிரிப்பார்கள், உறிஞ்சி எடுத்த செல்லில் உறை எங்கே இருக்கும்? அதனால் திரும்ப ஊசி, அல்லது அந்தப் பாதிச் சுரப்பியை மட்டும் எடுத்துப் பார்ப்பது என்று போகும். "டாக்டருக்கே தெரியலையாம்" என்று கோபப்பட்டு வெளியேறாதீர்கள், அந்தப் பதில் நேர்மையான பதில்.

புற்று என்றே வந்தால்? பத்தில் எட்டுக்கு மேல் பாப்பில்லரி என்ற வகை, மெதுவாக வளர்வது, கழுத்தோடு நிற்கும்போது கண்டால் ஐந்து வருஷத்தைத் தாண்டி வாழ்பவர்கள் நூற்றுக்கு 98க்கும் மேலே. முழுச் சுரப்பியையும் எடுத்து எல்லாருக்கும் கதிர் அயோடின் கொடுப்பது பழைய வழக்கம். இப்போது நான்கு சென்டிமீட்டருக்குக் கீழே, சுரப்பிக்குள்ளேயே இருந்தால் பாதியை மட்டும் எடுப்பது பலருக்குப் போதும். ஜப்பானில் கோபே நகரில் உள்ள குமா ஆஸ்பத்திரியில் 1993லிருந்து, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த ஆபத்தில்லாத பாப்பில்லரிப் புற்றை வெட்டாமல் ஸ்கேனில் கண்காணித்தே வருகிறார்கள், அதில் பெரும்பாலானவை வளரவே இல்லை. எனவே அறுவை என்று சொன்னால் கேட்கவேண்டிய கேள்விகள்: பாதியா முழுசா, ஏன், குரல் நரம்பையும், தைராய்டை ஒட்டியிருக்கும் கால்சியம் சுரப்பிகளையும் எப்படிக் காப்பாற்றுவீர்கள், மாதத்துக்கு எத்தனை தைராய்டு அறுவை செய்கிறீர்கள். கடைசிக் கேள்வி மரியாதைக் குறைவு என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். இல்லை. இந்த அறுவையில் கை பழக்கம் ரொம்ப முக்கியம். முழுசாக எடுத்தால் ஆயுள் முழுக்கத் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை, காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு, அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் கோப்பி. கோப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டு "மருந்து கேட்கலை" என்பவர்கள் தினமும் வருவார்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. அறுவைக்குப் பின் உதட்டைச் சுற்றியும் விரல்நுனியிலும் மதமதப்பு வந்தால் கால்சியம் இறங்குகிறது, உடனே சொல்லணும்.

சாதாரணக் கட்டி என்று முடிந்தால் பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டாம். கட்டியைச் சுருக்கத் தைராக்சின் கொடுப்பது கிட்டத்தட்டக் கைவிடப்பட்ட முறை, நன்மையைவிட இதயத்துக்கும் எலும்புக்கும் தொல்லைதான் அதிகம். ஒன்று இரண்டு வருஷத்தில் மறு ஸ்கேன். ஒரு மில்லிமீட்டர் கூடினதைப் பார்த்துப் பதற வேண்டாம், எடுக்கும் ஆளைப் பொறுத்தே அவ்வளவு மாறும். விழுங்கச் சிரமம், மூச்சுத் தொல்லை, பார்க்கச் சங்கடம் என்றால் அப்போது அறுவையைப் பேசலாம்.

மாமியார் சொன்ன முட்டைக்கோஸ் கதைக்கு ஒரு அடிப்படை உண்டு. கோஸ், மரவள்ளிக்கிழங்கு போன்றவற்றில் அயோடினைச் சுரப்பி பிடிப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. ஆனால் அயோடின் பற்றாக்குறை உள்ள இடத்தில், அதையே மூன்று வேளையும் தின்றால்தான் கழலை வரும், சரவாக் உட்பகுதிகளில் ஒரு காலத்தில் கழலை நிறைய இருந்ததற்கு அயோடின் பற்றாக்குறையே முதல் காரணம். பினாங்கில் கடல் மீன் சாப்பிட்டு, வேகவைத்த கோஸ் கூட்டும் வைக்கும் வீட்டில் அது பிரச்சினை இல்லை. அயோடின் சேர்த்த உப்பை மற்றவர்கள் போடும் அளவுக்குப் போடுங்கள், அவ்வளவு போதும். இதற்கு நேரெதிராகக் கடற்பாசி மாத்திரை வாங்கிக் கொத்துக்கொத்தாக விழுங்குவது இன்னும் மோசம், அளவுக்கு மீறிய அயோடினும் சுரப்பியைக் கெடுக்கும். இலை அரைத்துப் பற்றுப் போடுவதால் தோல் புண்ணாவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கே போவது? பட்டர்வொர்த்தில் இருப்பதால் முதலில் உங்கள் வட்டாரக் கிளினிக் கெசிஹாத்தான், அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். மைகாட் (அடையாள அட்டை) காட்டினால் ஒரு வெள்ளி (ரிங்கிட்). "கழுத்தில் கட்டி, விழுங்கும்போது அசைகிறது, இத்தனை மாதமாக" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், தலைவலியில் ஆரம்பித்துக் கட்டிக்கு வராதீர்கள். பழைய இரத்த ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். அங்கிருந்து சூராட் ருஜுக்கான் (நிபுணருக்கான பரிந்துரைக் கடிதம்) வாங்கினால் செபராங் ஜெயா ஆஸ்பத்திரிக்கோ பினாங்குத் தீவில் உள்ள ஜி.எச்சுக்கோ (பொது ஆஸ்பத்திரி) அனுப்புவார்கள், நிபுணர் கிளினிக்கில் ஐந்து வெள்ளி. தனியார் டாக்டர் கடிதத்தோடு நேராகப் போனால் முதல் தடவைக் கட்டணம் கூடும். கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் புத்ராஜெயா ஆஸ்பத்திரியில் மார்பக, நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனிப் பிரிவு உண்டு, சிக்கலான கேஸ்கள் அங்கே போகும். அரசாங்கத்தில் ஸ்கேன் தேதி தள்ளிக் கிடைக்கலாம். கையில் காசு இருந்தால் ஸ்கேனை மட்டும் வெளியே எடுத்து, ரிப்போர்ட்டோடும் படங்களோடும் அரசாங்கக் கிளினிக் பக்காருக்கு (நிபுணர் கிளினிக்) போவது நிறையப் பேர் செய்யும் காரியம், விலையை முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். காத்திருக்கும்போது குரல் மாறினாலோ கட்டி வேகமாகப் பெருத்தாலோ தேதிவரை சும்மா இருக்காதீர்கள், கிளினிக்குக்குத் திரும்பிப் போய்த் தேதியை முன்னே கொண்டுவரச் சொல்லுங்கள், செய்வார்கள்.

கர்ப்பமாக இருந்தாலோ திட்டம் இருந்தாலோ அதையும் சொல்லணும். ஸ்கேனுக்கும் ஊசிக்கும் தடை இல்லை, கதிர் அயோடினும் அணு ஸ்கேனும் கூடவே கூடாது. அறுவை தேவைப்பட்டால் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு, அவசரமென்றால் நடு மூன்று மாதத்தில்.

கடைசியாக, அம்மாவும் அக்காவும் ஸ்கேன் எடுக்கணுமா? வேண்டாம் என்பதே என் பதில். ஸ்கிரீனிங் பேக்கேஜ் என்று விற்கும் இடங்களில் கழுத்து அல்ட்ராசவுண்டையும் ஒரு வரியாகச் சேர்த்திருப்பார்கள், இலவசமாக வருகிறது என்று எடுப்போம், நூறில் பாதிப் பேருக்குப் புள்ளி தெரியும் என்று சொன்னேனே, அப்புறம் ஊசி, பயம், சிலருக்கு அறுவை. தென்கொரியாவில் இதுதான் பெரிய அளவில் நடந்தது. மற்றப் புற்றுநோய்ப் பரிசோதனைகளோடு கழுத்து ஸ்கேனும் மலிவாகக் கிடைத்ததால், 2011ல் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டுப் புற்று 1993ஐப்போல் 15 மடங்கு. அந்த நோயால் இறப்பவர்கள் எண்ணிக்கையோ அப்படியே இருந்தது. 2014ல் அங்குள்ள டாக்டர்களே வெளிப்படையாகப் பேசிய பிறகுதான் அறுவைகள் சரசரவென்று குறைந்தன. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழுவும் 2017ல், அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்றே சொன்னது. கையில் தட்டுப்படும் கட்டியோடு இருக்கும் உங்களுக்கு இது பொருந்தாது, நீங்கள் எடுத்தே ஆகணும். அம்மாவுக்கும் அக்காவுக்கும் டாக்டர் ஒரு தடவை கழுத்தைத் தொட்டுப் பார்த்தால் போதும். ஒரே விதிவிலக்கு: உங்கள் ஊசி ரிப்போர்ட்டில் மெடுல்லரி என்ற வகைப் புற்று என்று வந்தால். அதில் நாலில் ஒன்று ரெட் என்ற மரபணு மாற்றத்தால் குடும்பத்தில் இறங்குவது. அப்போது முதலில் உங்களுக்கு அந்த மரபணுப் பரிசோதனை, அதில் மாற்றம் இருந்தால் பிள்ளைகள் உட்பட இரத்த உறவுகள் எல்லாருக்கும், அதுவும் டாக்டரே எழுதிக் கொடுப்பார்.